வெருகற் கரையில் உழைச்செல்வார்

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளைப் பாடஞ் சொல்லும்போது நான் ஓரிடத்தில் எப்போதும் விரைந்து போய்விடுவேன். மருத்துவம் நான்கு கூறுகளையுடையது என்பது அக்குறளின் கருத்து. நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, நோயாளியின் பக்கத்தில் நின்று பணி செய்பவன் ஒருவன். இந்த நான்காமவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். முதல் மூன்றையும் விரித்துரைத்துவிட்டு, நான்காமவனிடம் வந்ததும் ‘ஏவலாள்’ என்று ஒரே சொல்லிற் பொருள் கூறிப் புத்தகத்தை மூடச் சொல்லுவேன். முப்பது ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

என் உரை பிழை என்று எடுத்துக்காட்டியவர் எந்தப் பண்டிதரும் அல்லர். வெருகற் பக்கத்தில் ஒரு வேடர் குடும்பத்திலே, மண்சுவர்க் குடிசையொன்றின் பத்தியில், பாயிற் கிடந்த ஒரு முதியவரும் அவர் தமக்கையாரும் எனக்கு அப்பாடத்தைச் சொல்லித் தந்தார்கள். அதனை ஈண்டு எழுதுதற்குக் காரணம் உண்டு. பழங்குடி மக்களிடையே, தீராத நோயுற்று மரணத்தை எதிர்நோக்கி இருப்பவர்க்குச் செய்யும் மருத்துவப் பணியை யார் முன்னின்று நடத்துவது என்னும் கேள்வி இன்று உலகின் பல நாடுகளில் எழுந்துள்ளது. கனடாவிலும் நியூசிலாந்திலும் அறிஞர் கூடி ஆராய்கின்றனர். அக்கேள்வி நம் வாசலிலும் வந்து நிற்கின்றது. நாம்தாம் அதனை உள்ளே அழைக்கவில்லை.

ஆறும் குடியும்

மகாவலி கங்கை கடலை அணுகும்போது கிளை பிரிகின்றது. ஒரு கிளை கொட்டியாரக் குடாவிற் சேர, மற்றொன்று தெற்கே வந்து வெருகலாறு என்னும் பெயருடன் கடலிற் கலக்கின்றது. திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லை இது. ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டம். கரையிலே சித்திர வேலாயுத சுவாமி கோயில் விளங்குகின்றது. வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியவர் இவ்வழியே செல்வர். முன்னாளில் திருகோணமலையிலிருந்து தெற்கே வருவோர் துறைக்குத் துறை ஓடத்துக்குக் காத்துநிற்றல் வேண்டும். கிண்ணியாவில் 2009 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் வந்தன. வழி எளிதாயிற்று. ஆயினும் பெரிய வைத்தியசாலை வேண்டுமானால் வடக்கே திருகோணமலைக்கோ, தெற்கே மட்டக்களப்புக்கோ போகவேண்டும். உட்கார முடியாத நோயாளிக்கு இரண்டுமே நெடுந்தூரம்.

இந்தக் கரையிலும், வடக்கே மூதூர்க் கிழக்கிலும், தெற்கே வாகரைப் பக்கத்திலும் வாழும் பழங்குடியினரை ஆராய்ச்சியாளர் கரையோர வேடர் என்பர். இலங்கை வேடரைப் பற்றி 1911 ஆம் ஆண்டு பெருநூல் ஒன்றை வெளியிட்ட செலிக்மன் தம்பதியர் இவர்களைத் தனியே எடுத்து ஆராய்ந்துள்ளனர். இவர்கள் பேசுவது தமிழ். மீன்பிடித்தல், சேனை செய்தல், தேனெடுத்தல், கூலி வேலை என்பனவே சீவனோபாயம். கோயில் வழிபாடும் உண்டு. கோயிலுக்கு முற்பட்ட சடங்குகளும் உண்டு. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்து போயிற்று. 2006 ஆம் ஆண்டு போர் மூண்டு ஊர்கள் ஊர்களாகவே இடம்பெயர்ந்தன. திரும்பி வந்தவர்கள் வெறுந்தரையிலிருந்து வாழ்வைத் தொடங்கினார்கள். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின் இனவாரி அட்டவணையிலே இவர்களுக்கெனத் தனியொரு நிரல் இல்லை. மக்களையே தனியாக எண்ணாதபோது, அவர்களுள் எத்தனை பேர் எந்த நோயால் எப்படி இறக்கின்றனர் என்பதை யார் எண்ணப் போகின்றார்கள்?

வள்ளியம்மையை வேடர் மகள் என்று பாடுகின்றோம். கண்ணப்பரை நாயனார் என்று கும்பிடுகின்றோம். புராணத்து வேடர்க்கு நாம் கொடுத்த மதிப்பில் நூற்றில் ஒரு பங்கையேனும் வைத்தியசாலை விறாந்தையில் நிற்கும் வேடர்க்குக் கொடுத்தோமா என்பதை நெஞ்சில் கைவைத்துக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். என்னையும் சேர்த்தே சொல்லுகின்றேன்.

பாயிற் கிடந்தவர்

அம்முதியவர் என் மாணவன் ஒருவனின் பாட்டனார். அவன் ‘பெத்தப்பா’ என்பான். இளமையில் தேனெடுப்பதிலே பேர்பெற்றவர். வெற்றிலையும் புகையிலையும் அவர் வாயைவிட்டு நீங்கியதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் கண்டது, ஆறவில்லை. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே என்றும், வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லும் வழக்கம் அதற்கு முதன்மையான காரணம் என்றும் மருத்துவ நூலார் கூறுவர். பெரியவர் புண்ணை ஒருவருக்கும் காட்டவில்லை. காட்டிய காலத்தில் அது கன்னத்தைத் துளைத்து வெளியே வந்துவிட்டது.

தொலைவில் உள்ள ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களின் பின்பு ஆங்கிலத்தில் எழுதிய கடதாசி ஒன்றைக் கையிற் கொடுத்து, “இனிச் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கோ” என்று யாரோ சொல்லியனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பின்பு பலநாள் எண்ணிப் பார்த்தேன். நோயைத் தீர்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது உண்மையாயிருக்கலாம். நோயாளிக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது உண்மையன்று. இரண்டும் ஒரே வாக்கியத்திலே கலந்து போயின.

நான் பார்க்கப் போனபோது பெரியவர் வீட்டுக்குள் இல்லை. புண்ணின் நாற்றத்துக்கு நாணி, தாமே பாயை எடுத்துக்கொண்டு பின்பத்திக்குப் போய்விட்டார். பேரப் பிள்ளைகளைக் கிட்ட வரவிடுவதில்லை. துணியால் வாயைப் பொத்திக்கொண்டு இரவு முழுதும் குந்தியிருப்பார். இருமலுக்குக் கொடுக்கும் சாதாரணக் குளிகையைப் போல ஏதோ கொடுத்திருந்தார்கள். அது அந்த நோவின் பக்கத்திலும் போகவில்லை. தமக்கையார் எழுபது வயதைக் கடந்தவர். தம்பிக்குப் பக்கத்திலே, ஒரு முழத் தூரத்தில், இரவும் பகலும் இருந்தார்.

அவ்வேளையில் வீட்டார் ஒரு சடங்குக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தனர். பந்தலிட்டு, மடைவைத்து, முன்னோரை அழைப்பதாம். நான் படித்தவனல்லவா? “இந்தக் காசை மருந்துக்குச் செலவழிக்கலாமே, கொட்டுச் சத்தம் நோயாளிக்கு ஆகாதே” என்று புத்தி சொன்னேன். தமக்கையார் என்னைக் கோபிக்கவில்லை. “வாத்தியார், தம்பி தனியப் போகேலாது. முந்திப் போனவங்க வந்து நிக்கோணும். அவங்களைக் கூப்பிடாம நாங்க எப்படி அனுப்புற?” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. மருந்துக்குச் செலவழிக்கச் சொன்னேனே, எந்த மருந்துக்கு என்பதும் எனக்குத் தெரியாது.

மாற்றம் வேறொரு வழியாக வந்தது. அவ்வீட்டில் பேர்த்தி ஒருத்திக்குக் குழந்தை பிறந்து சில நாட்கள். குழந்தையை நிறுத்துப் பார்க்கக் குடும்பநல மாது வந்தார். வேலையை முடித்துக்கொண்டு புறப்பட்டவர், பின்பத்தியிலிருந்து வந்த முனகலைக் கேட்டு நின்றார். “பெரியவருக்கு எங்க நோகுது?” என்று கேட்டபடி பாயின் ஓரத்தில் இருந்துவிட்டார். நாற்றத்துக்கு முகஞ் சுளிக்கவில்லை. அவருடைய கடமைப் பட்டியலில் அந்தக் கிழவர் இல்லை. என்றாலும் அடுத்த கிழமை பக்கத்து அரசினர் வைத்தியசாலையிலிருந்து ஒரு வைத்தியரை அழைத்துக்கொண்டு வந்தார். இளவயதுப் பெண், சிங்களவர், தமிழ் அரைகுறை. கேட்கும் பொறுமையோ மிக நிறைவு.

அந்த வைத்தியர் மூன்று காரியஞ் செய்தார். நாற்றத்துக்குக் காரணமான கிருமியை அடக்கும் குளிகையைத் தூளாக்கிப் புண்ணிலே தூவக் காட்டிக் கொடுத்தார். நோவுக்கு வாய்வழியாகக் கொடுக்கும் மோர்பின் மருந்தை எழுதினார். அது மலத்தைக் கட்டுமாதலால் உடனே அதற்கும் ஒரு மருந்து சேர்த்தார். மூன்றாவதாக, தமக்கையாரைப் பார்த்துக் குடும்பநல மாதின் வாயிலாகக் கேட்டார்: “சடங்கு எப்போது? அன்றைக்கு அவர் விழிப்பாக இருக்க வேண்டுமா?”

மோர்பின் நாலு மணிக்கு ஒருமுறை கொடுக்கவேண்டியது. வீட்டில் மணிக்கூடு இல்லை. தமக்கையார் தாமே ஒழுங்கு வகுத்தார்: கோழி கூவும் வேளை, பள்ளிக்கூட மணி அடிக்கும் வேளை, உச்சி, மாடு திரும்பும் வேளை, விளக்கு வைத்துச் சோறு தின்ற பின் ஒருவேளை. நடுச்சாமத்தில் எழுப்பாதபடி படுக்கை வேளை அளவை வைத்தியர் கூட்டிக் கொடுத்தார். ஒருவேளையும் தவறவில்லை. மூன்றாம் நாள் பெரியவர் பின்பத்தியிலிருந்து முன்பத்திக்கு வந்தார். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். ஐந்தாம் இரவு சடங்கு நடந்தது. பாயிற் சாய்ந்தபடி கண்விழித்திருந்து, ஒவ்வொரு பெயரையும் அழைக்கும்போது தலையசைத்தார். பதினோராம் நாள் விடியற்புறத்தில், கோழி கூவும் வேளை மருந்தோடு தமக்கையார் குனிந்தபோது, உறக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது.

தணிக்கும் மருத்துவம்

அந்தப் பதினொரு நாளும் நடந்ததற்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் உண்டு. நம் நாட்டில் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்கின்றனர். ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் மேலாடையைக் குறிக்கும். குளிரில் நடுங்குபவர்க்கு ஆடை போர்த்துவது போன்றது என்பது கருத்து. தமிழில் தணித்தல் என்னும் சொல் அதனினும் நேரானது. தீயையும் தணிப்போம், தாகத்தையும் தணிப்போம், சினத்தையும் தணிப்போம். அழித்தல் வேறு, தணித்தல் வேறு.

இத்துறையை இக்காலத்தில் நிலைநாட்டியவர் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார். அவர் முதலில் தாதியாயிருந்தார். பின்பு வைத்தியசாலைச் சமூகப் பணியாளரானார். இறப்பவர்க்கு உதவ விரும்புவதாயின் மருத்துவமே படித்துவிடு என்று அறுவை வைத்தியர் ஒருவர் கூற, நடுவயதை அணுகும் காலத்திலே படித்து 1957 ஆம் ஆண்டு வைத்தியரானார். இலண்டனில் செயின்ற் கிறிஸ்தோபர் இல்லத்தை 1967 ஆம் ஆண்டு தொடக்கினார். நோயாளியின் துன்பம் உடல் நோவு மாத்திரமன்று. மனத்தின் நோவு, குடும்பத்தைப் பற்றிய நோவு, உயிரைப் பற்றிய நோவு எல்லாங் கூடிய முழு நோவு என்று அவர் கற்பித்தார். உழைச்செல்வாராயிருந்து தீர்ப்பாராகியவர் அவர். அதனாலேயே அவர் கண்ணுக்கு அது தெரிந்தது என்று நான் நினைக்கின்றேன்.

1986 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் நோவைத் தணிக்கும் முறையை எளிய விதிகளாக வகுத்தது. இயன்றவரை வாய்வழியே கொடுக்க. நோவு எழும்வரை காத்திராது நேரந்தவறாமல் கொடுக்க. மென்மருந்திலிருந்து வன்மருந்துக்குப் படிப்படியாக ஏறுக. இவ்வளவும் செய்ய மாளிகை போன்ற வைத்தியசாலை வேண்டியதில்லை. வாய்வழி மோர்பின் விலை மிகுந்த மருந்துமன்று. அப்படியிருந்தும், ஆண்டுதோறும் நோய்த்தணிப்பு வேண்டி நிற்பவர் 5 கோடியே 68 இலட்சம் பேர் என்றும், அவர்களுள் நூற்றுக்கு 14 பேரளவிலேயே அதனைப் பெறுகின்றனர் என்றும் அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பெறாதவருட் பெரும்பாலோர் வறிய நாட்டினர். வறிய நாட்டிலும் ஒதுக்குப்புறத்து மக்கள். மோர்பின் என்றவுடன் அபினிப் பழக்கத்தை நினைத்து அஞ்சுதலும் ஒரு தடை. நோவுக்கு அளந்து கொடுக்கும் மருந்தையும் போதைக்கு எடுக்கும் பொருளையும் ஒன்றாக எண்ணும் மயக்கம் படித்தவரிடத்தும் உண்டு.

நோவின் சொற்கள்

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகின்றேன். வைத்தியசாலையில் ‘வலி பத்துக்கு எத்தனை?’ என்று கேட்கின்றனர். பள்ளிக்கூடம் போனவர்க்கு அது விளங்கும். அந்தத் தமக்கையார்க்கு விளங்கவில்லை. ஆனால் தம்பியின் நோவை அவர் சொன்ன விதம் வேறு: பகலில் உளையுது, விழுங்கினால் குத்துது, இரவில் காதுப் பக்கம் எரியுது, இடையிடையே சுண்டி இழுக்குது. உளைவு, குத்து, எரிவு, சுண்டல் என நான்கு சொல். வைத்தியர் இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எரிவும் சுண்டலும் நரம்பு தாக்குண்டதற்கு அறிகுறி. அதற்கு மோர்பின் மாத்திரம் போதாது, வேறுவகை மருந்தும் சேர்க்கவேண்டும் என்றார். பத்துக்கு எட்டு என்னும் இலக்கம் இதனைச் சொல்லியிராது.

ஆகவே, அம்மக்களின் சொல்லை அறிதல் மரியாதைக்காக மாத்திரம் வேண்டப்படுவதன்று. மருந்தைத் தெரிவதற்கே வேண்டப்படுவது. கல்லாத கிழவியின் வாயில் இருந்த சொல்வளம் நோயறியும் கருவியாயிற்று. இத்தகைய சொற்களை ஊரூராகத் தொகுத்து வைத்தியர் கையிற் கொடுப்பது நம்மைப் போன்ற ஆசிரியர் செய்யக்கூடிய பணி. நாம் செய்யவில்லை.

முன்னிற்பவர் யார்?

இனித் தலைமைக்கு வருவோம். மருத்துவத் தலைமை என்றவுடன் பெரிய வைத்தியர், பெரிய நாற்காலி, அவர் கட்டளையிட மற்றையோர் கேட்பது என்ற காட்சியே மனத்தில் எழுகின்றது. உயிர் காக்கும் அறுவைக் கூடத்தில் அது வேண்டியதாயிருக்கலாம். இறப்பவரின் வீட்டிலே அது பொருந்துவதில்லை.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள லேக்ஹெட் பல்கலைக்கழகத்தார் 2010 முதற் பல ஆண்டு நான்கு பழங்குடிச் சமூகங்களோடு சேர்ந்து இதனை ஆராய்ந்தனர். முன்பெல்லாம் அம்மக்களின் முதியவர்கள் பலர் தம் ஊரை விட்டு அப்பால், தம் மொழி பேசாத நகர வைத்தியசாலையில் இறந்தனர். இவ்வாராய்ச்சியில் ஊரவரே முன்னின்றனர். ஊரைச் சேர்ந்த ஒருவர் ஒழுங்கமைப்பாளராக இருந்தார். மூத்தோரும் மரபறிந்தோரும் ஆலோசனை கூறினர். வைத்தியரும் தாதியரும் வெளியிலிருந்து வந்து துணைநின்றனர். நவோட்கமெக்வானிங் என்னும் சமூகத்தார் தாம் அமைத்த திட்டத்துக்குத் தம் மொழியிலேயே ‘ஒருவரையொருவர் பேணுதல்’ என்னும் கருத்துள்ள பெயரிட்டனர். திட்டம் ஊரின் உடைமை. மருந்து வைத்தியரின் பொறுப்பு. பொறுப்பு இவ்வாறு பகுக்கப்பட்டது.

நியூசிலாந்தின் மவோரி இனத்து உளமருத்துவர் மேசன் டூரி, 1984 ஆம் ஆண்டளவில், நலவாழ்வை நான்கு சுவருள்ள ஒரு வீடாக உருவகித்தார். உடல் ஒரு சுவர், மனம் ஒரு சுவர், குடும்பம் ஒரு சுவர், ஆன்மா ஒரு சுவர். ஒன்று சாய்ந்தால் வீடு நில்லாது. அந்நாட்டின் சுகாதாரத் துறை அவ்வுருவகத்தை ஏற்றுப் பயன்படுத்துகின்றது. நான்கு கூறு சொன்ன வள்ளுவரைக் கற்ற நமக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. 2007 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனமும், தம் மரபு மருத்துவத்தையும் நலம்பேணும் வழக்கங்களையும் காத்துக்கொள்ளும் உரிமை அவர்க்கு உண்டு என்றும், அதனோடு ஏனைய மருத்துவச் சேவைகளையும் வேற்றுமையின்றிப் பெறும் உரிமை உண்டு என்றும் கூறுகின்றது. இரண்டு உரிமையும் சேர்ந்தே கூறப்பட்டிருத்தலைக் கவனித்தல் வேண்டும்.

ஏனெனில், இதில் ஒரு வழுக்கு நிலம் இருக்கின்றது. ‘அவர்கள் மரபுப்படி இறக்கட்டும்’ என்று பெருந்தன்மையோடு கூறி, மோர்பின் கொடுக்காமல் விடுதலும் ஒரு கைவிடுதலே. குடும்பநல மாது வருமுன் தமக்கையாரின் அன்பு அந்த நோவைத் தணிக்கவில்லை. மருந்து மாத்திரம் வந்து, சடங்கு தடுக்கப்பட்டிருந்தால், பெரியவர் நோவின்றி, ஆனால் அச்சத்தோடு, தனியே போயிருப்பார். உள்நாட்டு வேடரிடையே இறந்த உறவினர் ‘நே யக்கு’ என்னும் ஆவியராகி, உயிரோடிருக்கும் சுற்றத்தார்க்குத் துணைநிற்பர் என்னும் நம்பிக்கையைச் செலிக்மன் தம்பதியர் விரித்து எழுதியுள்ளனர். கரையோரத்துத் தமக்கையார் எனக்குச் சொன்னதும் அதற்கு அயலானதன்று. அவர்க்கு மரணம் என்பது ஒருவர் ஒழிந்துபோதல் அன்று. இந்தப் பக்கத்துச் சுற்றத்தார் கையிலிருந்து அந்தப் பக்கத்துச் சுற்றத்தார் கைக்கு ஒருவரை ஒப்படைத்தல். ஒப்படைப்பவர் அருகில் இருக்கவேண்டும்; பெறுபவரை அழைக்கவேண்டும். நான் மூடநம்பிக்கை என்று எண்ணியது அங்கே ஒரு கடமையாயிருந்தது.

அந்த இளம் வைத்தியர் தலைமையை விட்டுக்கொடுத்தார் என்று சொல்லமாட்டேன். மருந்தின் அளவைத் தாமே நிச்சயித்தார். அதில் ஒருவர் சொல்லையும் கேட்கவில்லை. சடங்கின் நாளைத் தமக்கையாரிடம் விட்டார். அதில் தம் சொல்லை வைக்கவில்லை. இரண்டுக்கும் இடையே போய்வந்தவர் குடும்பநல மாது. எது தம்முடையது, எது தம்முடையதன்று என்று அறிந்து நடத்தலே தலைமை என்பதை நான் அப்போது கண்டேன்.

பிறப்புக்கு ஒருவர், இறப்புக்கு?

நம் நாட்டிலே ஒரு பெருஞ்செல்வம் உண்டு. 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்ட காலந்தொட்டு, குடும்பநல மாதர் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணியையும் சிசுவையும் கவனித்து வருகின்றனர். வெயிலிலும் வெள்ளத்திலும், போர்க்காலத்திலுங்கூட, அவர்கள் நடந்தார்கள். தாய் சேய் மரணத்தைக் குறைத்ததில் இலங்கையை உலகம் மெச்சுவதற்கு அவர்களே காரணர். கடைசிக் குடிசை வரை அவர்களுக்கு வழி தெரியும். பிறக்கும் உயிர்க்கு வாசலில் ஒருவர் நிற்கின்றார். பிரியும் உயிர்க்கு வாசலில் யார் நிற்கின்றார்?

சுகாதார அமைச்சு 2019 முதல் 2023 வரைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பை வளர்த்தற்கான தேசியத் திட்டமொன்றை வகுத்தது. கொழும்பிலே பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனம் இத்துறையில் வைத்தியர்க்குப் பயிற்சியும் கொடுக்கின்றது. நற்றொடக்கமே. ஆனால் கொழும்பில் எழுதிய திட்டம் வெருகலாற்றைக் கடந்து பாயின் ஓரம் வந்து சேர, நடுவே ஓராள் வேண்டும். அவ்வாளை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. அயலிலே கேரளத்தைப் பாருங்கள். 1993 ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் சில வைத்தியர் தொடங்கிய நோவு தணிக்கும் சங்கம், சில ஆண்டுகளில் ஊர்மக்களின் இயக்கமாயிற்று. ஆசிரியரும் மாணவரும் வணிகரும் இல்லத்தரசியரும் பயிற்சி பெற்று அயல்வீட்டு நோயாளியைப் பார்க்கப் போனார்கள். வைத்தியரும் தாதியரும் அவர்கள் அழைக்கும் இடத்துக்கு வந்தார்கள். 2008 ஆம் ஆண்டு அம்மாநில அரசு அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது.

வெருகற் கரையிலும் அது கூடும். வேடர் குடிகளிலிருந்தே படித்த பெண்பிள்ளைகள் இன்று எழுந்து வருகின்றனர். அவருள் ஒருவர் இருவரைத் தாதியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றினால், நடுவே நிற்கும் ஆள் கிடைத்துவிடுவார். ஊர் மூத்தோர் சிலர் அவர்க்கு ஆலோசனை சொல்லட்டும். பக்கத்து வைத்தியசாலையில் மோர்பின் எந்நாளும் இருக்கட்டும். அதை எழுதத் தயங்காத வைத்தியர் ஒருவரும் இருக்கட்டும். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் கடதாசி தமிழில் இருக்கட்டும். ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்னும் வாக்கியம் மாத்திரம் அதில் இல்லாதிருக்கட்டும். இவை பெருஞ்செலவு வேண்டும் காரியங்களல்ல. முதலில் வேண்டியது, அம்மக்களைப் பராமரிக்கப்படுவோராக மாத்திரம் காணாமல், பராமரிப்பை நடத்தத் தக்கவராகவும் காணும் கண்.

திருத்திய உரை

பெரியவரின் முப்பத்தோராம் நாள் கழிந்த பின்பு, பரிமேலழகர் உரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான்கு கூறுகளுக்கும் அவர் நந்நான்கு இலக்கணம் கூறுவர். உழைச்செல்வானுக்கு உரியனவாக அவர் கொண்டவை: நோயாளியிடத்து அன்புடைமை, மனம் மொழி மெய் தூயவாதல், சொல்லியதைச் சொல்லியவாறு செய்யும் வல்லமை, அறிவுடைமை. இந்தக் கடைசி இலக்கணத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கின்றேன், கண்டதில்லை. ஏவலாளுக்கு வல்லமை போதும். அறிவுடைமை எதற்கு? வைத்தியரும் மருந்தும் இல்லாத நடுச்சாமத்தில், என்ன செய்வது என்று தாமே தீர்மானிக்கவேண்டியவர் அவர் என்பதற்காகவன்றோ?

நோய் தீரும் காலத்தில் தீர்ப்பவர் முன்னிற்பார், உழைச்செல்வார் பின்னிற்பார். நோய் தீராதென்று தெரிந்தபின் வரிசை மாறுகின்றது. பக்கத்தில் இருப்பவர் முன்னே வருகின்றார். தீர்ப்பவர் அவர்க்குத் துணையாகின்றார். அந்த மாற்றத்தை அறிந்து இடங்கொடுப்பதே இத்துறையில் தலைமை.

இவ்வாண்டும் அக்குறளைப் பாடஞ் சொன்னேன். உழைச்செல்வான் என்ற இடத்தில் வழக்கம்போல விரைந்து போகவில்லை. ஒரு பிள்ளை எழுந்து, “ஐயா, உழைச்செல்வான் என்றால் யார்?” என்று கேட்டான். அந்தப் பெரியவரின் பேரன் பின்வாங்கில் இருந்தான். “அவனைக் கேள்” என்றேன்.

அவன் சற்று யோசித்துவிட்டு, “எங்கட பெத்தப்பாட அக்கா” என்றான்.

அந்த உரையையே எல்லாரும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.